ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறீர்களா? பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1799 மே 4 அன்று திப்பு சுல்தான் போரிட்டு மடிந்த ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருவிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரந்தானே என்று கிளம்புகிறவர்கள், பெரும்பாலும் போய்ச் சேருவதை மட்டுமே திட்டமிடுகிறார்கள். உண்மையான சிக்கல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் ரயில். சென்னையிலிருந்து மைசூரு செல்லும் வந்தே பாரத்தும் சதாப்தியும் இங்கே நிற்காது. அவற்றில் வந்தால் மைசூரு வரை போய்த் திரும்ப வேண்டும். பெங்களூரு – மைசூரு பாசஞ்சர் ரயில்கள் நிற்கும். முன்பதிவு செய்யும்போது பெயரைப் பாதி தட்டியதும் வரும் ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது திருச்சிப் பக்கம். இந்த நிலையத்தின் குறியீடு 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து. நிலையம் கோட்டைக்குள்ளேயே இருப்பதால் ரங்கநாதர் கோயிலுக்கு நடந்தே போகலாம். இரட்டைப் பாதை போடுவதற்காக, நிலையத்தருகே இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கை இடிக்காமல் 2017இல் அப்படியே நகர்த்தி வைத்தார்கள். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேருந்தில் வருகிறவர்கள் செய்யும் தவறு, மைசூரு பேருந்து எல்லாமே ஊருக்குள் போகும் என்று நம்புவது. புதிய விரைவுச்சாலை ஊரைத் தொடாமல் புறவழியில் போகிறது. இடைநில்லாப் பேருந்துகளும் அப்படியே. ஏறும் முன் நடத்துநரிடம் “ஊருக்குள் நிற்குமா?” என்று கேட்டுவிடுங்கள். பெங்களூருவிலிருந்து காரில் வந்தால், மண்டியா தாண்டியதும் பலகைகளைக் கவனித்து, புறவழி தொடங்கும் முன்பே பழைய சாலைக்கு இறங்கிவிட வேண்டும். தவறவிட்டால் மைசூரு திசையில் போய்த்தான் திரும்ப முடியும். 2023 ஆகஸ்ட் முதல் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. சர்வீஸ் ரோடு மட்டுமே. பைக்கில் வருகிறவர்கள் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான தவறு: எல்லாம் கோட்டைக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்து நடக்கத் தொடங்குவது. ஊர் ஒரு தீவு. காவிரி இரண்டாகப் பிரிந்து அதைச் சூழ்ந்து ஓடுகிறது. கோட்டை மேற்கு முனையில். கீழ்த்திசையில் கோட்டைக்கு வெளியே தரியா தௌலத் அரண்மனை, அதைத் தாண்டி திப்புவும் ஹைதர் அலியும் அடங்கியிருக்கும் கும்பஸ், கடைசியில் ஆறு மறுபடி ஒன்றுசேரும் சங்கமம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறக்குறைய 4 கி.மீ. வெயிலில் குழந்தைகளோடு நடக்கிற தூரமல்ல. கோட்டைக்குள் நடந்துவிட்டு, மீதிக்கு ஆட்டோ பிடிப்பதே நல்லது.

ஆட்டோவில் “எல்லா இடமும்” என்று மொட்டையாகச் சொல்லிக் கூலி பேசாதீர்கள். கோயில், தரியா தௌலத், கும்பஸ் ஆகிய மூன்றோடு சுற்று முடிந்துவிடலாம். போர் நடந்த இடங்களைப் பார்க்க வந்தவர்கள் இவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: ஆங்கிலேயர் மதிலை உடைத்து நுழைந்த மேற்குப் பக்கத்து இடம், ஆற்றங்கரையின் நீர்வாசல், அதன் அருகே திப்புவின் உடல் கிடைத்த இடம், ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லியின் பெயரால் வழங்கும் நிலவறை. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தரியா தௌலத்துக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது வேண்டும். அதன் மேற்குச் சுவரில் காஞ்சிபுரம் அருகே 1780இல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற பொள்ளிலூர்ப் போர் ஓவியமாக இருக்கிறது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் இருப்பதைத் தேடிப் பாருங்கள். நம் மண்ணில் நடந்த போர், நிதானமாக நின்று பார்க்க வேண்டிய சுவர். கோயில் நடை பிற்பகலில் சாத்தியிருக்கும் என்பதால் காலையில் கோட்டை, மதியம் தரியா தௌலத் என்று வைத்துக்கொள்வது வசதி.

எந்த மாதம் போகிறோம் என்பதையும் யோசியுங்கள். பருவமழை வெள்ளம் வருவதற்குள் கோட்டையைப் பிடிக்க ஆங்கிலேயர் அவசரப்பட்டதன் காரணம், மே மாதத்தில் பாறை தெரிய ஓடும் ஆற்றைப் பார்த்தால் புரியும். கிருஷ்ணராஜ சாகர் அணை திறந்திருக்கும் நாட்களில் சங்கமத்தில் பரிசல் ஓடாது; படித்துறையில் இறங்கவும் கூடாது.

சொந்த வண்டியில் ஊட்டி, கூடலூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு: பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். நீலகிரிக்கு இ-பாஸும் வேண்டும். சத்தியமங்கலம் வழியில் 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. எந்த வழியானாலும் மாலை 5 மணிக்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.