பூவை விடுங்கள், காம்பைப் பாருங்கள்: ஹிரண்குரிக் களையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மயூர் விஹாரில் தரைத்தள வீடு கிடைத்த குஷியில், வாசலில் இருந்த துண்டு மண்ணில் கொத்தமல்லி, வெந்தயம் விதைத்தேன். பிப்ரவரியில் கொத்தமல்லித் தண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி ஏறியது. இலையைப் பார்த்தால் அசல் வள்ளைக்கீரை. டெல்லியில் வள்ளைக்கீரையா என்று சந்தோஷப்பட்டு, அதற்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினேன்!

தோட்டக்காரர் மாலி பையா வந்து பார்த்துவிட்டு, "ஹிரண்குரி, பாபிஜி" என்றார். அவர் ஊர் கோதுமை வயல்களில் இதோடுதான் மல்லுக்கட்டாம். தாவரவியல் பெயர் கன்வால்வுலஸ் அர்வென்சிஸ். அவர் போனதும் குர்ப்பியை (கைக்கொத்து) எடுத்துக் கொத்தித் தள்ளினேன். மூன்றே வாரத்தில் ஒன்று இருந்த இடத்தில் ஆறு. அதனால்தான் சொல்கிறேன், கொத்துவதற்கு முன் இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: எதைக்கொண்டு ஏறுகிறது?

சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி இருந்தால் கோவை, பாகல் வகை. ஹிரண்குரிக்கு அது கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். பிடிக்க எதுவும் இல்லையென்றால் தரையில் படரும்.

படி 2: இலை

இந்தியில் ஹிரண் என்றால் மான், குர் என்றால் குளம்பு. அம்பு முனை வடிவம், அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டல், நீளம் பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. ஆனால் ஒரே கொடியில் ஒல்லி இலையும் இருக்கும், அகல இலையும் இருக்கும். இலையை மட்டும் நம்பினால் நான் ஏமாந்த மாதிரி ஏமாறுவீர்கள். சந்தேகம் வந்தால் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வள்ளைக்கீரைத் தண்டு குழாய் போல உள்ளே வெற்றாக இருக்கும், இது மெல்லிசாக, கெட்டியாக இருக்கும்.

படி 3: பூவும் காம்பும்

வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில் சின்னப் புனல், அகலம் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம். ஒரு பூ ஒரு நாள்தான். புனல் பூ இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் உண்டு, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பூவிலிருந்து காம்பு வழியாக ஒன்றிரண்டு செ.மீ. கீழே விரலை ஓட்டுங்கள். நடுக்காம்பில் எள்ளைவிட மெல்லிசாக இரண்டு குட்டிச் செதில்கள் தட்டுப்படும். அதுதான் முத்திரை. கூடவே ஒரு லென்ஸ் இருந்தால் பூவுக்குள் எட்டிப் பாருங்கள். நடுவில் நிற்கும் சூல்முடி (பூவின் பெண் உறுப்பின் நுனி) இரண்டு நூலாகப் பிரிந்திருந்தால் ஹிரண்குரி, குண்டூசித் தலை மாதிரி உருண்டிருந்தால் மார்னிங் குளோரி வகை.

படி 4: மண்ணுக்குள்

புதுத் தளிரை மெதுவாகத் தோண்டுங்கள். விதையிலிருந்து வந்ததென்றால் முதலில் சதுரமான, நுனியில் பள்ளம் விழுந்த இரண்டு வித்திலைகள் இருக்கும். அவை இல்லாமல், கீழே வெள்ளைக் கயிறு போல வேர் ஓடினால் அது பழைய கொடியின் கிளை. அந்த வேர் ஆறு மீட்டர் ஆழம்வரைகூடப் போகும். 5 செ.மீ. துண்டு போதும், மறுபடி முளைத்துவிடும். என் குர்ப்பி செய்த உபகாரம் அதுதான். விதையும் சளைத்ததில்லை, 20 வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

ஹிரண்குரிதான் என்று உறுதியானால் கொத்தாதீர்கள். தளிர் தலைகாட்டும்போதெல்லாம் தரையோடு வெட்டுங்கள், வேரில் சேமிப்பு கரைய வேண்டும். ஒரு சீசனில் தீராது, வருஷக்கணக்கில் ஆகும். வெட்டியதை உரக்குழியில் போடவும் வேண்டாம்.

இந்த வாரம் வெந்தயப் பாத்தியில் நான்கு தளிர். ஒன்றில்கூட வித்திலை இல்லை.