படமா, தொடரா? நான் தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் புதுத் தொடர் எதையும் தொடாதீர்கள். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று விடிந்துவிடும். அந்த நேரத்துக்குப் படம்தான் சரி.

1957-ல் வந்த '12 ஆங்ரி மென்' 96 நிமிடம்தான். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பன்னிரண்டு ஜூரிகளின் கதை, கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. கதையைவிடக் கேமராவைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், போகப்போகக் கீழே இறங்கும், லென்ஸும் மாறும். கடைசியில் அறையின் கூரையே தெரிய ஆரம்பிக்கும். நமக்கு மூச்சு முட்டுவது அதனால்தான்.

தொடர் என்றால் நீளத்தை விசாரியுங்கள். செர்னோபில் அணு உலை விபத்தைச் சொல்லும் 'செர்னோபில்' (2019) ஐந்தே எபிசோடு. ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம், மனசு தாங்காது. கடைசி எபிசோடில், நீதிமன்றத்தில் சிவப்பு, நீல அட்டைகளை வைத்து அணு உலை வெடித்ததை விளக்குவார்கள். அப்போது போன் கையில் இருக்கக் கூடாது.

போதைப்பொருள் தயாரிக்க இறங்கும் வேதியியல் ஆசிரியரின் கதையான 'பிரேக்கிங் பேட்' 62 எபிசோடு. முதல் சீசனில் இழுவை என்று கழன்றுகொள்கிறவர்கள் உண்டு. இரண்டாவது சீசன் வரை பொறுங்கள். மூன்றாவதில் ஒரு ஈயைத் துரத்துவதிலேயே ஓடும் எபிசோடு ஒன்று வரும். செலவைக் குறைக்க ஒரே இடத்தில் எடுத்தது. திட்டுகிறவர்கள் திட்டட்டும், எனக்கு அந்தத் தொடரிலேயே அதுதான் உசத்தி. தாண்டிப் போகாதீர்கள்.

மார்க் போடும் பழக்கம் இருந்தால், படத்துக்கு மறுநாள் காலையில் போடுங்கள். தொடருக்கு முடிவைப் பார்க்காமல் போடவே போடாதீர்கள்.