மாதிரித் தேர்வு மதிப்பெண்ணில் உங்களுடையது எவ்வளவு?

டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வின் மாதிரித் தேர்வில் 300-க்கு 190-ஐ ஒட்டி வாங்கியவருக்குக்கூட உண்மைத் தேர்வன்று கை நடுங்கும். அந்த 190-இல் எவ்வளவு படித்து வந்தது, எவ்வளவு குருட்டாம்போக்கில் விழுந்தது என்று அவருக்கே தெரியாது. பிறகு தைரியம் எங்கிருந்து வரும்? தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எல்லோரும் எல்லாவற்றையும் நிரப்புகிறோம், மொத்தமும் ஊதிக்கொள்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு முறை உண்டு.

புது வினாத்தாளாக எடுங்கள். ஏற்கெனவே போட்டுப் பார்த்தது உதவாது. 200 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். காலை 9.30-க்கு உட்கார்ந்தால் 12.30 வரை எழுந்திருக்கக் கூடாது. போன் வேறு அறையில் இருக்கட்டும்.

ஓஎம்ஆர் விடைத்தாள் நகலில் வட்டத்தை நிரப்பும்போதே, வினாத்தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். நிச்சயம் தெரிந்தால் ‘தெ’, இரண்டு விடைக்குள் ஊசலாடினால் ‘ச’, சும்மா நிரப்பினால் ‘கு’. ‘கு’ போடக் கூச்சப்பட்டு ‘ச’ போடுவதுதான் பலரும் செய்வது. மற்ற இரண்டு விடைகளை ஏன் ஒதுக்கினோம் என்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லையா, அது ‘கு’தான். விடைக்குறிப்பைப் பார்த்தபின் குறியை மாற்றினால் மூன்று மணி நேரமும் வீண்.

திருத்தும்போது மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு கணக்கு: ‘தெ’ 90-இல் 81 சரி, ‘ச’ 60-இல் 33, ‘கு’ 50-இல் 13. மொத்தம் 127, அதாவது 190.5 மதிப்பெண். ஆனால் ‘கு’ நான்கில் ஒன்று தானாகவே விழும். ‘ச’வும் பாதியை ஒட்டியே நிற்கிறது, பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வந்திருக்கும். கையில் உறுதியாக இருப்பது 81 கேள்வி, 121.5 மதிப்பெண். பார்க்க வலிக்கும். ஆனால் அடுத்த மாதம் அது 141 ஆனால், அந்த ஏற்றத்தைத் தயங்காமல் நம்பலாம்.

தமிழ்ப் பகுதியின் 100 கேள்விக்கு இதைத் தனியாகவும் செய்யுங்கள். அங்கே 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ‘தெ’ மட்டுமே 40 சரியாக வருகிறதா பாருங்கள்.

இனி, ‘தெ’ போட்டும் தப்பான அந்த 9. படிப்பில் மிக ஆபத்தான இடம் இதுதான், ஏனென்றால் தெரியும் என்று நினைப்பதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. தமிழ்நாடு என்ற பெயர் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலை 18, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தவர் எந்தக் கேள்விக்கும் அதையே உறுதியாகப் போடுவார். இன்னொரு வகை, ‘தவறான கூற்று எது’ என்பதைச் ‘சரியான கூற்று’ என்று படித்துவிடுவது. இதைக் ‘கவனக்குறைவு, தெரிந்ததுதான்’ என்று மன்னித்து மதிப்பெண் போட்டுக்கொள்ளாதீர்கள். நோட்டில் கேள்வியை எழுதி, எதை நினைத்து அப்படிப் போட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சரியான விடையை மட்டும் குறித்தால் பழைய நினைப்பு அப்படியே இருக்கும்.

நான்கைந்து தேர்வுகளில் ‘தெ’ நூற்றுக்கு 95 சரியாக வந்தால், தேர்வு அறையில் அந்தக் கேள்விகளைத் திரும்பத் தொட வேண்டாம்; கடைசி 20 நிமிடத்தை ‘ச’வுக்கு மட்டும் கொடுங்கள். 80-க்குக் கீழே நின்றால், அதே நேரத்தில் ‘தெ’ கேள்விகளின் வாசகத்தை மறுபடி படிப்பதுதான் லாபம்.