வகுப்பில் போட்டோ மாற்றிக்கொள்வது எப்படி: பிரிண்ட் முதல் ஆட்டோகிராப் நோட்டு வரை

பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்கும்போது ஆட்டோகிராப் நோட்டில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் வகுப்பில் செய்ய நினைத்தால் ஜனவரியிலேயே தொடங்குங்கள். செய்முறைத் தேர்வு வந்துவிட்டால் ஒருத்தரையும் பிடிக்க முடியாது.

இதற்கென்று புதிதாகப் படம் எடுக்க வேண்டாம். தேர்வு வேலைக்காக ஸ்டூடியோவில் எடுத்ததே போதும். சாஃப்ட் காப்பியை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, பிரிண்டில் முகம் மங்கும்.

பாஸ்போர்ட் சைஸ் என்பது 35 × 45 மி.மீ.; 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413 × 531 பிக்சல். 4 × 6 அங்குலத் தாளில் வரிசைக்கு 4 வீதம் 2 வரிசை, மொத்தம் 8 படம் பிடிக்கும். படங்களுக்கு நடுவே 2 மி.மீ. விடுங்கள். ஓரத்தில் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஏனென்றால் பார்டர் இல்லாத பிரிண்டில் மெஷின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விளிம்பை வெட்டிவிடும். 40 பேர் வகுப்பு என்றால் உங்களுக்கு வேண்டியது 39. 5 தாள் போட்டால் 40 வரும். ஆசிரியர்களுக்கும் கொடுக்க, வெட்டும்போது கெட்டால் ஈடுகட்ட, ஆறாவது தாளும் போட்டுவிடுங்கள்.

கலர் லேப் பிரிண்ட்டாக, மேட் தாளில் கேளுங்கள். பளபளப்புத் தாளில் கைரேகை அப்படியே பதியும். பிரவுசிங் சென்டரின் சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் வியர்வைக் கை பட்டாலே கலங்கும், அது வேண்டாம். வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல், கட்டர் போதும்.

பெரும்பாலும் கெடுவது பின்பக்கம் எழுதுவதில்தான். போட்டோ தாளின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ஜெல் பேனா மை உறிஞ்சப்படாமல் மேலேயே நிற்கும். அடுக்கி வைத்தால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும். பால்பாயின்ட்டை அழுத்தினால் எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும். மெல்லிய முனை பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். இனிஷியலோடு முழுப்பெயர் (ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள்), வகுப்பு, பிரிவு, வருடம், பள்ளி, ஊர். பட்டப்பெயர் கட்டாயம் எழுதுங்கள். பின்னாளில் ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அதுதான். போன் நம்பர் வேண்டாம். படம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

நாலு வரி வாசகம் நோட்டுக்குப் போகட்டும். ஒரே நாளில் 39 நோட்டு எழுத உட்கார்ந்தால் பத்தாவது நோட்டிலேயே ‘என்றும் மறவாத நட்புடன்’ என்று முடித்துவிடுவீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும்.

மாற்றிக்கொள்ளும் நாளில் ஆளுக்கொரு தபால் கவரில் பெயர் எழுதி மேஜையில் வரிசையாக வையுங்கள். எல்லாரும் சுற்றி வந்து அவரவர் படத்தைப் போடட்டும். கூட்டத்தில் கைமாற்றினால் யாருக்காவது விடுபடும். படம் கொடுக்க விருப்பமில்லாதவர்களை, முக்கியமாக மாணவிகளை, வற்புறுத்தக் கூடாது. பெயரை மட்டும் எழுதிய சீட்டு போட்டாலும் சரிதான். வந்த படத்தை ஸ்டேட்டஸில் போடுவதில்லை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நோட்டில் வைக்க ஃபெவிகால் எடுக்காதீர்கள். ஈரத்தில் பக்கம் சுருங்கும், பின்பக்க எழுத்தையும் இனிப் படிக்க முடியாது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கறை விடும். டபுள் சைடு டேப் நாளடைவில் மஞ்சளாகும். போட்டோ கார்னர் (படத்தின் மூலைகளைச் செருகும் சின்ன முக்கோண உறை) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு விளிம்பிலும் 8 மி.மீ. தள்ளிப் பென்சிலால் புள்ளி வைத்து, இரண்டையும் சாய்கோடாக இணையுங்கள். படத்தை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு அடியில் தடித்த அட்டை கொடுத்து, அந்தக் கோட்டை இரு முனையிலும் 1 மி.மீ. நீட்டிக் கட்டரால் கீறுங்கள். நீட்டாமல் கீறினால் மூலை நுழையாமல் மடங்கும். பிறகு நான்கு மூலைகளையும் செருகினால் பசையே இல்லாமல் நிற்கும். உருவிப் பின்பக்க எழுத்தைப் படிக்கலாம், திரும்பச் செருகலாம்.

அண்ணன், அக்காவின் பழைய நோட்டில் பசையால் ஒட்டிய படங்களைப் பிய்க்க வேண்டாம். முகம் கிழியும். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.