முகாம் மேசைக்கு வரும் முன் சில வார்த்தை

போன மாதம் கூடலூர் பக்கம் ஒரு பணியர் பாடியில் (பணியர் பழங்குடியினரின் குடியிருப்பு) வங்கிக் கணக்கு முகாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வந்தவர்களிடமெல்லாம் ஆதாரை வாங்கி, கேள்வியே இல்லாமல் ரேகை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான். பெயர்ப்பிழை, பிறந்த தேதிக் குழப்பமெல்லாம் வங்கியே திருப்பி அனுப்பிவிடும், அவற்றை விடுங்கள்.

இருக்கிற கணக்கைக் கேட்காமல் புதுக் கணக்கு

எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்று 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்ததிலிருந்து எங்களுக்கு எண்ணிக்கைப் பைத்தியம். 2018-இல் ஒரே நாளில் நாற்பது கணக்கு தொடங்கி மார்தட்டிக்கொண்டேன். அதில் ஓர் அக்காவுக்கு ஏற்கெனவே வேறு வங்கியில் கணக்கு உண்டு. நூறு நாள் வேலைக் கூலி அதில்தான் வந்துகொண்டிருந்தது. படிவத்தில் 'அரசுப் பணம் இந்தக் கணக்குக்கே வரட்டும்' என்ற கட்டத்தையும் சேர்த்து டிக் அடித்துவிட்டேன். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். பழையதில் எவ்வளவு வருடம் வந்தது என்பதெல்லாம் கணக்கில்லை.

அக்கா பழைய பாஸ்புக்கோடு மூன்று தடவை டவுனுக்குப் பஸ் ஏறினார். மூன்று நாள் தோட்டக் கூலி போச்சு. "நீ எழுதிக்கிட்டுப் போனதுலேர்ந்துதான் காசு வரல" என்றார். நான் வங்கியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பணம் புதுக் கணக்கில் கிடந்தது. அதன் பாஸ்புக், கொடுக்க மறந்து, எங்கள் அலுவலக அலமாரியில்.

வீட்டிலுள்ள பாஸ்புக் அத்தனையும் எடுத்துவரச் சொல்லுங்கள். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே தெரியும். இருக்கிற கணக்கு முடங்கியிருந்தால் அதை உயிர்ப்பியுங்கள். இலக்கு எட்டவில்லை என்று மேலதிகாரி கத்தினால் கத்தட்டும்.

ஆவணமில்லாதவரின் சிறு கணக்கு

இருப்பு 50,000-ஐத் தாண்டக்கூடாது (அரசு உதவிப் பணம் வரும்போது இந்த இருப்பு வரம்பைப் பார்ப்பதில்லை), ஆண்டு வரவு 1 லட்சம், மாதம் எடுப்பது 10,000 மட்டும். அரசின் வீடு கட்டும் தவணை வந்தால் எடுக்கும்போது முட்டும். அதற்கு முன்பே ஆவணம் கொடுத்து முழுக் கணக்காக்குங்கள்.

ரேகை பதியாவிட்டால்

கொழுந்து பறித்த விரல் தேய்ந்துதான் இருக்கும். திருப்பி அனுப்பாதீர்கள், கிளைக்குக் கூட்டிப்போங்கள்.

வங்கி மித்ராவுக்கு (ஊருக்கே வரும் வங்கி முகவர்) தனியாகக் 'கை காசு'

கிடையாது. ரசீதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

20 ரூபாய் விபத்துக் காப்பீடு

மே கடைசியில் பிடிப்பார்கள். அன்றைக்குக் கணக்கில் 20 ரூபாய் இல்லையென்றால் 2 லட்சமும் இல்லை. ஏப்ரலிலேயே பாடிக்குப் போய் இதை நினைவூட்டிவிட்டு வாருங்கள்.