கழுவியும் தீராத கழிச்சல்: கோழிக்கொட்டில் சுத்தத்தில் நேரும் தவறுகள்

இரத்தக்கழிச்சலில் குஞ்சுகளை இழந்தவர்கள், கொட்டிலைக் கழுவி மருந்து தெளித்துப் புதிய குஞ்சுகளை விட்ட மூன்று, நான்கு வாரங்களில் மீண்டும் அதே சிவந்த எச்சத்தைக் கண்டு மனம் உடைந்துபோவது நாட்டுக்கோழி வளர்ப்பில் அடிக்கடி நிகழ்கிறது. குஞ்சையோ தீவனத்தையோ குறை சொல்வதற்கு முன், சுத்தம் செய்த முறையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காய்ந்த எச்சத்தின் மீது நேராகத் தண்ணீரைப் பாய்ச்சுவதுதான் பலரும் செய்யும் தவறு. அழுக்கு கரைந்து தரையின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். பழைய உமியையும் எச்சத்தையும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலேயே சுரண்டி அள்ளிய பிறகே சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். எச்சம் கிடக்கும்போதே பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடுவதோடு, அம்மோனியாவுடன் சேர்ந்து மூச்சை அடைக்கும் நச்சுவாயுவும் எழும்.

அதைவிடப் பெரிய தவறு, தரை காய்வதற்குள் புதிய உமியைப் பரப்புவது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி, தடித்த ஓடுடைய நுண்ணிய முட்டைகளாக எச்சத்தில் வெளிவருகிறது. அந்த ஓட்டைப் பிளீச்சிங் பவுடர் போன்ற வழக்கமான கிருமிநாசினிகளால் துளைக்க முடிவதில்லை. ஆனால் ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால், 1 அல்லது 2 நாட்களிலேயே அந்த முட்டை நோய் பரப்பும் பக்குவத்தை அடைந்துவிடும். ஈரத்தரையில் உமி போடுவது, நம் கையாலேயே அதை அடைகாத்துக் கொடுப்பதற்குச் சமம். ஆகவே நல்ல வெயிலில் தரையைக் காயவிட்டு, சிமென்ட் தரையாக இருந்தால் தீச்சுடர் காட்டி (கூரை ஓலையாக இருந்தால் இதைச் செய்யவே கூடாது), குறைந்தது இரண்டு வாரங்களாவது கொட்டிலைக் காலியாக வைப்பது நல்லது. குஞ்சுகள் வந்த பின்னரும் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கட்டிதட்டிய உமியை அன்றன்றே அள்ளி மாற்ற வேண்டும்.

தரையை மட்டும் பார்த்துவிட்டு, கோழிகள் அமரும் மூங்கில் கழிகளின் இடுக்குகளை விட்டுவிடுவதும் உண்டு. இரவில் இரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணி பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். உணவின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால் கொட்டிலைக் காலியாக வைப்பதால் மட்டும் அது ஒழியாது.

அள்ளிய கூளத்தைக் கொட்டில் வாசலிலேயே குவிப்பதும், நோயிலிருந்து பிழைத்த பெரிய கோழிகளுடன் புதிய குஞ்சுகளைச் சேர்த்து விடுவதும் பட்ட பாட்டை வீணாக்கிவிடும். அந்தக் கோழிகள் நலமாகத் தோன்றினாலும், அவற்றின் எச்சத்தில் காக்சிடியா முட்டைகள் இருக்கக்கூடும். பெரிய கோழிகளைப் பார்த்துவிட்டுக் குஞ்சுகளிடம் போகாமல், முதலில் குஞ்சுகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டுப் பிறகு பெரியவற்றிடம் செல்ல வேண்டும். குஞ்சுக் கொட்டிலுக்கென்று தனிச் செருப்பும் தனி மண்வெட்டியும் வைத்துக்கொள்ள வேண்டும்.