இணையவழிக் கலந்துரையாடலுக்கு ஏற்ற வினா

இணையவழிக் கலந்துரையாடல் களைகட்டுவது பெரும்பாலும் வினாவிலேயே தங்கியுள்ளது. ‘நீர் முகாமைத்துவம் என்றால் என்ன?’ என்று கேட்டால் பாடக்குறிப்பே திரும்பி வரும். மாறாக, கிளிநொச்சியிலுள்ள இரணைமடுப் பாசனக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தது நியாயமா என்று கேட்டு, ஒரு பகுதியினரை விவசாயிகளின் தரப்பிலும் ஏனையோரைக் குடிநீர் வேண்டுவோரின் தரப்பிலும் நின்று ஆதாரத்துடன் எழுதப் பணித்தால், வயலோடு வளர்ந்த வன்னி மாணவர்கள் வாளாவிருக்கமாட்டார்கள். மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் தளத்தில் வினா விடை வகைக் கலந்துரையாடலைத் தெரிவுசெய்தால், தன் பதிலை இடும்வரை மாணவருக்குப் பிறருடைய பதில்கள் தெரியமாட்டா. பார்த்தெழுதுவதைத் தடுக்க இதுவே எளிய வழி. கைத்தொலைபேசி டேட்டாவை எண்ணிச் செலவிடும் மாணவர்களுக்குக் காணொளியைவிட எழுத்தே உகந்தது. விரிவுரையாளர் எல்லாப் பதிவுகளுக்கும் மறுமொழி எழுத வேண்டியதில்லை. முரண்படும் இரு பதிவுகளைச் சுட்டி, அவற்றை எழுதியவர்களையே ஒருவருக்கொருவர் பதிலளிக்கச் செய்யலாம்.